பிளக்கைப் பிடித்திருந்தவள்

நான்கு பேர் சஜீதைத் தூக்கிக்கொண்டு பின்னறை வாசலைத் தாண்டும்போது யாருடைய காலோ பட்டு, கிராபிக்ஸ் கார்ட் வந்த வெறும் பெட்டி கூடம் வரைக்கும் சறுக்கிக்கொண்டு போனது. ஒருவரும் குனிந்து அதை எடுக்கவில்லை. "தல, தல பார்த்து" என்றார் முன்னால் பிடித்திருந்த பக்கத்து வீட்டுக்காரர். நிலையில் இடித்துவிடாமல் தன் உள்ளங்கையை இடையில் கொடுத்தார். இனி இடித்தால்தான் என்ன என்று ஷிஃபானாவுக்குத் தோன்றியது. அப்படி நினைத்தது தானா என்று அடுத்த கணமே அவளுக்குத் திகைப்பாக இருந்தது.

அவள் விரல்களில் ரொட்டி மாவு காய்ந்து போயிருந்தது. குசினியில் மாவு பிசைந்துகொண்டிருந்தபோதுதான் அந்தச் சத்தம் கேட்டது. ஒரு மூட்டையைக் கீழே போட்டதுபோல. பிறகு மகள் அம்ராவின் சத்தம் வரும் என்று ஒரு கணம் காத்திருந்தாள். வரவில்லை. அதனால்தான் ஓடினாள்.

ஓடிப்போய்க் கண்டது இதுதான். மூடி கழற்றிய கொம்பியூட்டர் கேசிங்குக்குப் பக்கத்தில் அவள் கணவர் சஜீத் ஒருக்களித்துக் கிடந்தார். சுவரோடு ஒட்டி அம்ரா நின்றாள். இரண்டு கைகளாலும் அதன் பிளக்கை நெஞ்சோடு பிடித்திருந்தாள்.

அவரைத் தூக்குவதற்கு முன்பே தெருமுனை டிஸ்பென்சரி டொக்டர் வந்து குனிந்து பார்த்தார். கண்ணைப் பிரித்து டோர்ச் அடித்தார். எழும்பும்போது முழங்காலில் கையூன்றி மெதுவாக எழும்பினார். அந்த மெதுவிலேயே எல்லாருக்கும் விளங்கிவிட்டது. "திடீரெண்டு நடந்த மவுத்து. மரண விசாரணை அதிகாரிக்கு அறிவிக்காம ஒண்டும் செய்ய வேணாம்" என்று சொல்லிவிட்டுச் செருப்பைத் தேடினார்.

சஜீத் துறைமுகத்தில், கப்பல்களைக் கரைக்கு இழுத்துவரும் டக் போட்டில் வேலை செய்தவர். பெரிய கப்பல்கள் உள்ளே வரும்போது கயிறு எறிவதும், கட்டுவதும், இழுத்துப் பிடிப்பதும்தான் அவர் தொழில். இத்தனை வருஷத்தில் ஒரு கப்பலின் சுக்கானையும் அவர் தொட்டதில்லை. வீட்டில் கொம்பியூட்டர் விளையாட்டில்தான் தகப்பனும் மகளும் கப்பல் ஓட்டினார்கள். பழைய கார்டில் கடல் கடலாகத் தெரியாது. நீலத் தறப்பாள் விரித்ததுபோல அசையாமல் கிடக்கும். கப்பல் துறைமுகத்தை நெருங்கினால் படம் அப்படியே நின்றுவிடும். "பொறுங்க மகள், அதுக்கு மூச்சு வாங்குது" என்பார் சஜீத். ஹார்ட்டிஸ்க்கிலும் இடமில்லை. புதுக் கடல் ஒன்றை இறக்க வேண்டுமானால் எதையாவது அழிக்க வேண்டும். அம்ரா தன் பிறந்தநாள் படங்களை அழிக்கப்போய், தகப்பன் கையைப் பிடித்துத் தடுத்த நாளில்தான் முடிவானது. ஒரு புதுக் கார்டும், கூடுதல் இடத்துக்கு ஒரு எஸ்எஸ்டியும்.

பார்சல் முதல்நாள் கொழும்பு பஸ்ஸில் வந்தது. இரவு ஷிஃப்ட் முடிந்து காலையில் வீட்டுக்கு வந்தவர் படுக்கவில்லை. "கொஞ்சம் கண்ணசந்திட்டு செய்யுங்களேன்" என்று ஷிஃபானா சொன்னாள். "படுத்தா நித்திர வராது. கை வேற உளையுது" என்று இடது தோளைத் தேய்த்துக்கொண்டார். கயிறு இழுத்த உளைச்சல் என்று இருவரும் நினைத்தார்கள்.

கரண்டில் ஓடும் எதைத் திறந்தாலும் அவருக்கு ஒரு முறை இருந்தது. பிளக்கைக் கழற்றி நிலத்தில் போடமாட்டார். வீட்டில் இருக்கும் ஒருவரின் கையில் கொடுப்பார். வேலை முடியும்வரை அவர் அதைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்க வேண்டும். டக் போட்டில் ஒருமுறை, கழற்றியிருக்கிறது என்று யாரோ சொன்ன வயரைத் தொட்டு எறியப்பட்டவர் அவர். "ஆர்ட கையிலயும் இல்லாத பிளக் போட்ட பிளக்தான்" என்பார். அயன்பெட்டிக்கும் ஃபேனுக்குமாக ஷிஃபானா எத்தனையோ தரம் நின்றிருக்கிறாள். "உங்கட கையப் புடிச்சத விட நான் இந்த பிளக்கப் புடிச்சதுதான் கூட" என்று ஒருநாள் சொன்னதற்கு, ஸ்க்ரூ டிரைவரை வாயில் கவ்வியபடியே சிரித்தார்.

கூடத்தில் சஜீதைக் கிடத்தி வெள்ளைத் துணியால் போர்த்திய பிறகுதான் அவர் தம்பி பாஹிம் வந்து சேர்ந்தான். நிலாவெளி ஹோட்டல் ஒன்றில் வேலை. ஹெல்மெட்டைக் கழற்றாமலே உள்ளே வந்து, திறந்து கிடந்த கேசிங்கை வாசலில் நின்று பார்த்தான்.

"கரண்ட் அடிச்சா?" என்றான்.

அந்தச் சொல் அவனுக்கு முன்னாலேயே தெருவுக்குப் போய்விட்டது. அதன்பிறகு வந்தவர்கள் எல்லாரும் படியேறும்போதே "கரண்டாமே" என்று கேட்டுக்கொண்டு வந்தார்கள். பள்ளிவாசலில் இருந்து வந்த ஒரு பெரியவர் முற்றத்தில் பாஹிமைத் தனியே கூப்பிட்டது ஷிஃபானாவின் காதில் விழுந்தது.

"தம்பி, கரண்ட் எண்டு போயிட்டா வெட்டாமக் குடுக்க மாட்டாங்க. ஆஸ்பத்திரிக்கு ஏத்தினா இண்டைக்கு அடக்கம் இல்ல. வாயப் பொத்திக்கிட்டு இருங்க."

பாஹிம் கதவோரம் வந்து நின்றான். முகம் வெளிறியிருந்தது. "மதினி, நான் கேட்டது மட்டும்தான். சொல்லல்ல."

"தெரியும்" என்றாள் ஷிஃபானா. "கரண்ட் இல்ல பாஹிம். பிளக் அம்ராட கையில இருந்திச்சி. நான் என்ட கண்ணால கண்டேன்."

அவன் மூச்சு விட்ட சத்தம் கேட்டது. "அல்ஹம்துலில்லாஹ். அத சொன்னாப் போதும் மதினி. அத மட்டும் சொல்லுங்க."

சஜீதின் மூத்த சகோதரி றுக்கியா அதற்குள் பின்னறையை ஒதுக்கிவிட்டிருந்தாள். செத்த வீட்டுக்கு ஆட்கள் வருமுன் கூட்டித் துடைத்துவிட வேண்டும் என்பது அவளுக்குக் கையிலேயே ஊறிய பழக்கம். நிலத்தில் கிடந்த ஸ்க்ரூ ஆணிகளைப் பொறுக்கி ஒரு தேத்தண்ணிக் கோப்பையில் போட்டாள். மூடியைச் சுவரில் சாத்தினாள். காலில் தடக்கும் என்று வயரை எடுத்து, அது வழக்கமாக இருக்கும் இடத்திலேயே சொருகிவிட்டாள்.

விசாரணை அதிகாரி கோணேஸ்வரன் வந்தபோது பின்னறை பளிச்சென்று இருந்தது. மெலிந்த மனிதர். சப்பாத்தைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். துணியை விலக்கி சஜீதின் முகத்தையும் கைகளையும் பார்த்தார். பிறகு பின்னறைக்குள் போனார். வெளியே வந்தபோது அவர் குரல் முன்னைவிடத் தணிந்திருந்தது.

"பிளக் போட்டுத்தானே கிடக்கு?"

பாஹிம் சுவரைப் பார்த்தான்.

"அது நான்" என்றாள் றுக்கியா. "கூட்டக்க… ஆக்கள் வருவாங்க எண்டு… நான் ஒண்டும் நினைக்கல்ல ஐயா."

"ஆக்கள் வரட்டும் அம்மா. நான் வர முதல் ஏன் கூட்டினனீங்கள்?" அவர் குரலில் கோபம் இல்லை, களைப்புத்தான். "பக்கத்தில ஆர் இருந்தது?"

ஷிஃபானா தன் அறையில் திரைக்குப் பின்னால் இருந்தாள். உடுப்பை மாற்றி வெள்ளை உடுத்தியாயிற்று. அவளுடைய இத்தா தொடங்கிவிட்டது. இனி நாலு மாதமும் பத்து நாளும் அந்நிய ஆண்கள் கண்ணில் படக்கூடாது. அவள் திரைக்குப் பின்னாலிருந்தே பேசினாள். தன் குரல் வேறு யாருடையதோபோல அவளுக்குக் கேட்டது. இரவு ஷிஃப்ட் முடிந்து வந்து அவர் படுக்காததைச் சொன்னாள். இடது தோள் உளைந்ததைச் சொன்னாள். பிரஷருக்குக் குளிசை போடுவதையும், அதை அவர் அடிக்கடி மறப்பதையும் சொன்னாள். பிளக்கை ஒருவர் கையில் கொடுக்கும் அந்த முறையையும் சொன்னாள். "நான் ஓடி வரக்க பிளக் மகள்ட கையில, சேர். அல்லாஹ்வுக்காகச் சொல்றேன்."

"மகளோட ஒருக்காக் கதைக்கலாமோ தங்கச்சி?"

அம்ராவைத் திரைக்கு வெளியே அனுப்பினாள். கோணேஸ்வரன் கதிரையில் இருந்து இறங்கி, அவள் உயரத்துக்குக் குனிந்துகொண்டதைத் திரை இடுக்கால் கண்டாள்.

"பிள்ளை, அம்மா வரேக்க பிளக் உங்கட கையிலையோ இருந்தது?"

அம்ரா தலையாட்டினாள்.

"வேற ஏதும் சொல்லப் போறீங்களோ?"

அவள் அசையவில்லை. அவர் சற்றுப் பொறுத்துப் பார்த்தார். பிறகு பொறுத்தது போதும் என்பதுபோல எழும்பினார். இயற்கை மரணம், மாரடைப்பாக இருக்கலாம், உடலைக் குடும்பத்தாரிடம் கொடுக்கலாம் என்று கூடத்தில் சொன்னார். றுக்கியா அப்போதுதான் அன்றைக்கு முதன்முதலாகச் சத்தம் போட்டு அழுதாள். பாஹிம் ஹெல்மெட்டைக் கழற்றினான். மையவாடிக்குப் போன் போனது, குழி வெட்டச் சொல்லி. தோப்பூரிலிருந்து சொந்தக்காரர்கள் வந்து சேரட்டும், பின்னேரம் அசர் தொழுகையோடு அடக்கலாம் என்று முடிவாயிற்று.

சஜீதைக் குளிப்பாட்டிக் கபன் துணி உடுத்தி, சந்தூக்குப் பெட்டியில் வைத்துக் கூடத்துக்குக் கொண்டுவந்தார்கள். பெண்கள் ஒவ்வொருவராகப் போய் முகம் பார்த்தார்கள். ஷிஃபானாவும் போய்ப் பார்த்தாள். நெற்றியில் எப்போதும் இருக்கும் அந்தச் சுருக்கம் இல்லை. அது இல்லாமல் அது அவர்தானா என்று ஒரு கணம் தடுமாறினாள். அம்ரா மட்டும் வரவில்லை.

அறைக்குத் திரும்பியபோது மகள் கட்டில் மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு இருந்தாள்.

"உம்மா."

"சொல்லுங்க மகள்."

"நான் தலையாட்டினேன்தானே. அந்த சேருக்கு."

"ஓம்."

"அது பொய் இல்ல. நீங்க வரக்க கையிலதான் இருந்திச்சி."

ஷிஃபானா கட்டிலில் உட்கார்ந்தாள்.

"வாப்பா எல்லாம் பூட்டி முடிச்சிட்டாங்க. போடுங்க மகள், பார்ப்பம் எண்டாங்க. நான் போட்டேன். ஃபேன் சுத்திச்சி. வாப்பா சிரிச்சாங்க. ஆனா ஸ்க்ரீன் வரல்ல. கார்ட் சரியா இறுகல்ல போல எண்டு கைய உள்ள விட்டாங்க. கழட்டுங்க எண்டு சொல்லல்ல. எப்பவும் சொல்லுவாங்கதானே. இண்டைக்கு சொல்லல்ல. நானும் கேக்கல்ல." அவள் பாடம் ஒப்புவிப்பதுபோல ஒரே தொனியில் சொல்லிக்கொண்டு போனாள். "விழுந்தாங்க. பொறகுதான் நான் இழுத்தேன்."

வெளியே ஆண்கள் சேரும் சத்தம். யாரோ வாகனத்தை நகர்த்தச் சொன்னார்கள்.

"நான்தானா உம்மா?"

"இல்ல" என்றாள் ஷிஃபானா. யோசிக்காமலே வாயிலிருந்து வந்தது. "வாப்பாக்கு நெஞ்சு மகள். தோள் உளையுது எண்டு சொன்னாங்கதானே. அது நெஞ்சு."

"உங்களுக்கு எப்புடித் தெரியும்?"

பன்னிரண்டு வயதுப் பிள்ளை. கண் கலங்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். ஷிஃபானாவுக்குத் தெரியாது. பாஹிமுக்குத் தெரியாது. அந்த அதிகாரிக்கும் தெரியாது. தெரிந்துகொள்ளக்கூடிய ஒரே இடத்துக்கு அவரைக் கொண்டுபோகாமல் தடுத்தது தான்தான். இன்னும் கொஞ்ச நேரத்தில் மண் போட்டுவிடுவார்கள். அதன்பிறகு இந்தக் கேள்வி இந்தப் பிள்ளையோடு வளரும், கல்யாணம் முடிக்கும், பிள்ளை பெறும்.

கூடத்தில் கலிமாச் சத்தம் எழுந்தது. சந்தூக்கைத் தூக்குகிறார்கள்.

ஷிஃபானா எழுந்து திரையை விலக்கிக்கொண்டு வெளியே போனாள். வாசல் முழுதும் ஆண்களின் முதுகு. முதலில் அவளைக் கண்ட ஒருவர் விலகினார். விலகியவரைப் பார்த்து மற்றவர் திரும்பினார். கலிமா ஒவ்வொரு வாயாக நின்றது.

"வெய்யுங்க" என்றாள். "கீழ வெய்யுங்க."

சந்தூக்கின் முன்பக்கத்தைத் தோளில் தாங்கியிருந்த பாஹிம் திரும்பினான். "மதினி, நீங்க உள்ளுக்குப் போங்க. இது என்ன வேல?"

"கோணேஸ்வரன் சேர் எங்க?"

ஜனாஸாவோடு ஒழுங்கை முனைவரை நடப்பதற்காக அவர் திரும்பி வந்து வேலியோரம் நின்றிருந்தார். கூட்டம் வழிவிட, கிட்ட வந்தார்.

"சேர், நான் கண்டது அவர் விழுந்த பொறகுதான். அதுக்கு முதல் பிளக் போட்டுத்தான் இருந்திருக்கு. இப்பதான் எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்க."

"ஆர் போட்ட?" என்றான் பாஹிம்.

கோணேஸ்வரனின் கண் ஒருமுறை அறைப் பக்கம் போய் வந்தது. திரை அசையாமல் இருந்தது. அவர் கேள்வி கேட்பதே தொழிலாகக் கொண்டவர். அந்த ஒரு கேள்வியை மட்டும் கேட்கவில்லை.

"நல்லா யோசிச்சோ சொல்றீங்கள் தங்கச்சி?"

"ஓம் சேர்."

"கபன் உடுத்தாச்சி மதினி." பாஹிமின் குரல் உடைந்தது. "குளிப்பாட்டி, கபன் உடுத்தி, தூக்கியாச்சி. இப்ப கழட்டி என்ட நானாவ வெட்டச் சொல்றீங்களா? உங்களுக்கு ஈவிரக்கம் இல்லையா?"

றுக்கியா பின்னாலிருந்து ஷிஃபானாவின் தோளைப் பிடித்து உலுக்கினாள். "மையித்துக்கு நோகும் புள்ள. உசிரோட இரிக்கிற ஆளுக்கு நோகிறமாதிரியே நோகும். உனக்குத் தெரியாதா? நோகும்."

"தெரியும் ராத்தா."

"பொறகு?"

"அவர் பொறுப்பார்" என்றாள் ஷிஃபானா. "இதுக்கு அவர் பொறுப்பார்."

எதற்கு என்று றுக்கியா கேட்கவில்லை. கை தோளிலேயே இருந்தது, பிடி மட்டும் தளர்ந்தது.

சந்தூக் திரும்பக் கூடத்துக்குள் வந்தது. துறைமுகத்து ஆட்கள் தலை குனிந்தபடி ஒழுங்கையில் கலைந்து நின்றார்கள். வாகனம் வரும்வரை பாஹிம் முற்றத்தில் முதுகைக் காட்டி நின்று போனில் பேசினான். "இண்டைக்கு இல்ல. ஓம், வெட்டின குழிதான். ஓலை கீலை போட்டு மூடி வைங்க, மழை வரும்போல இரிக்கு." போனை வைத்த பிறகும் அவன் திரும்பிப் பார்க்கவில்லை. ஷிஃபானாவோடு அதன்பிறகு அவன் ஒரு சொல்லும் பேசாமல் ஆஸ்பத்திரிக்குப் போனான்.

மறுநாள் நண்பகல் லுஹர் தொழுகைக்குக் கொஞ்சம் முந்தித்தான் கொண்டுவந்தார்கள். வழியிலேயே பள்ளிவாசலில் திரும்பக் குளிப்பாட்டி, புதுக் கபன் உடுத்தியிருந்தார்கள். அதுவரைக்கும் அம்ரா கட்டில் மூலையை விட்டு இறங்கவில்லை. கஞ்சி கொடுத்தபோது கோப்பையை வாங்கி மடியில் வைத்திருந்தாள், அவ்வளவுதான். படுக்கச் சொன்னால் படுத்தாள், கண்ணை மூடவில்லை.

திரைக்கு வெளியே செருப்பில்லாத காலடி வந்து நின்றது.

"மதினி, வரலாமா?"

ஷிஃபானா முக்காட்டை முகத்துக்கு இழுத்துவிட்டுக்கொண்டாள். பாஹிம் உள்ளே வந்தான். கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. சேர்ட் நேற்றையதுதான். ஷிஃபானாவைப் பார்க்காமல் நேரே கட்டிலுக்குப் போய், நிலத்தில் குந்தினான். பிளக் போட்டது அம்ராதான் என்பது எங்கே, எப்போது அவனுக்கு விளங்கியதென்று அவளுக்குத் தெரியாது. ஆஸ்பத்திரி வாங்கில் தனியே இருந்தபோதாக இருக்கலாம்.

"மகள், சாச்சாவப் பாருங்க" என்றான். "நான் டொக்டரோட கதைச்சேன். வாப்பாட நெஞ்சில ரத்தக்குழாய் ஒண்டு அடைச்சிரிக்கு. பழைய அடைப்பாம். ரெண்டு மூணு நாளாவே வந்துகொண்டு இருந்திருக்குமாம். கரண்டா எண்டு கேட்டேன். கையெல்லாம் பார்த்தாராம், இல்ல எண்டார். திரும்பவும் கேட்டேன். அவருக்குக் கோபம் வந்திச்சி, இல்ல எண்டுதானே சொன்னேன் எண்டார்." அவன் சிரிக்கப் பார்த்தான், முடியவில்லை. "வேலைக்குப் போயிருந்தா போட்டில விழுந்திருப்பாங்க. பள்ளியில எண்டா பள்ளியில. உங்களோட விளையாடிக்கொண்டு இருக்கக்க விழுந்தாங்க. அவ்வளவுதான்."

அம்ரா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு ஷிஃபானாவைப் பார்த்தாள். கட்டிலில் மெல்ல நகர்ந்து வந்து, உம்மாவின் மடியில் தலையை வைத்தாள். பாஹிம் எழுந்து திரையை விலக்கிக்கொண்டு வெளியே போனான்.

கொஞ்ச நேரத்தில் மடியில் மூச்சு சீரானது. வாய் சற்றுத் திறந்திருந்தது.

கூடத்தில் பெண்கள் முகம் பார்த்துவிட்டு ஒதுங்கிக்கொண்டிருந்தார்கள். றுக்கியா திரையை விலக்கி எட்டிப் பார்த்தாள். "ஷிஃபானா, மூடப் போறாங்க. கடைசியா ஒருக்கா வந்து பாரு."

ஷிஃபானா மடியைப் பார்த்தாள். பிறகு றுக்கியாவைப் பார்த்து, வரவில்லை என்று தலையை அசைத்தாள். றுக்கியா சற்று நின்றாள். திரையை மெதுவாக, வளையங்கள் சத்தம் போடாமல், கையால் பிடித்து மூடிவிட்டுப் போனாள்.

கலிமா எழுந்தது. கூடத்தைக் கடந்தது, முற்றத்தைக் கடந்தது, ஒழுங்கையில் இறங்கியது. எந்த வீட்டைத் தாண்டுகிறது என்று சத்தத்தை வைத்தே அவளுக்குத் தெரிந்தது. முனையில் திரும்பியபோது ஒரேயடியாகத் தணிந்தது. துறைமுகத்துப் பக்கமிருந்து வந்த ஏதோ ஒரு கப்பலின் ஊதலில் மிச்சமும் போனது.

தொடை மரத்துப்போயிருந்தது. மகளின் கன்னத்தில் ஒட்டியிருந்த மயிரை விலக்கக் கையைத் தூக்கினாள். விழித்துவிடுவாள் என்று, தூக்கிய கையை அப்படியே கட்டில் விளிம்பில் வைத்துக்கொண்டாள்.